பந்தை வாங்கும் கையைப் பாருங்கள்

கல்லூரி ஆண்டு விழாவுக்குச் சின்னத்திரை நடிகர் ஒருவர் வருகிறார் என்றால் கோவில்பட்டிப் பக்கம் மதியத்திலிருந்தே நாற்காலிக்குத் தள்ளுமுள்ளு. அதே கல்லூரியின் ஹாக்கி அணி அடுத்த வாரம் சொந்த மைதானத்தில் ஆடும். பார்க்க நிற்பவர்கள் யார்? மாற்று ஆட்டக்காரர்கள், உடற்கல்வி ஆசிரியர், முன்பு ஆடிய நாலு பேர், சைக்கிளைச் சாய்த்துப் பிடித்தபடி ஒரு பெரியவர். அறிவிப்புப் பலகையில் நாளும் நேரமும் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும். அதைத் தாண்டித்தான் அத்தனை பேரும் கேன்டீனுக்குப் போவார்கள். கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும்: "விதி புரியலை", "பந்து கண்ணுக்கே தெரியலை".

இதை இந்த ஊரில் கேட்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. 2022 மே மாதம் ஜூனியர் ஆண்களுக்கான தேசிய ஹாக்கிப் போட்டி கோவில்பட்டியில் நடந்தது. அதே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. அங்கே இந்தியச் சட்டையில் இரண்டு தமிழ்ப் பையன்கள்: கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேல், அரியலூரிலிருந்து இங்கே வந்து பயின்ற கார்த்தி செல்வம். பாகிஸ்தானுக்கு எதிரான ஆட்டம் 1-1 என்று முடிந்தது. இந்தியாவின் அந்த ஒரு கோல் கார்த்தியுடையது. கே.ஆர். கல்வி நிறுவனங்கள் நடத்தும் லட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டிக்கு வங்கி அணிகளும் ராணுவ, ரயில்வே அணிகளும் கிருஷ்ணா நகர் செயற்கைப் புல்வெளிக்கு வந்து போகின்றன. ஊருக்குள்ளேயே இவ்வளவு நடக்கும்போது "புரியலை" என்றால், ஒரு முறைகூட நின்று பார்க்கவில்லை என்று பொருள்.

சரி, விதியை முடித்துவிடுவோம். அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

ஒரு பக்கத்துக்குப் பதினோரு பேர். களம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். கால்மணி நேரம் வீதம் நாலு பகுதி. கல்லூரிப் போட்டிகளில் நேரம் வசதிப்படி குறையும். மட்டையின் தட்டைப் பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம், உருண்டைப் பக்கம் கூடாது. காலில் பட்டால் தவறு, கோல்கீப்பருக்கு மட்டும் விலக்கு. கோல்போஸ்டைச் சுற்றி வளைந்திருக்கும் கோட்டுக்குள் இருக்கும் பகுதி 'டி'. கோல் அதற்குள்ளிருந்து அடித்தால்தான் செல்லும். அந்த 'டி'க்குள் தடுப்பவர் தவறு செய்தால் பெனால்டி கார்னர்: தடுக்கும் அணியில் கோல்கீப்பரும் இன்னும் நாலு பேரும் கோல் கோட்டின் பின்னால், அந்த அணியின் மற்றவர்கள் எல்லாம் நடுக்கோட்டுக்கு அப்பால். பச்சை அட்டைக்கு இரண்டு நிமிடம் வெளியே, மஞ்சளுக்குக் குறைந்தது ஐந்து, சிவப்புக்கு ஆட்டம் முடியும்வரை. ஆஃப்சைடு கிடையாது, 1990களிலேயே எடுத்துவிட்டார்கள். கால்பந்து பார்த்தவர்களுக்கு அந்தத் தலைவலிகூட இங்கே இல்லை. மீதி விதிகளைப் பக்கத்தில் நிற்கிற பெரியவரிடம் கேளுங்கள். அவர் சொல்லிக் கொடுக்கத்தான் காத்திருக்கிறார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பந்தை அடிப்பவனைப் பார்க்காதீர்கள். வாங்குபவனைப் பாருங்கள்.

புதிதாக வருபவர் கண் பந்தின் பின்னாலேயே ஓடுகிறது. அதனால்தான் பந்து தெரிவதில்லை. மட்டையை விட்டுக் கிளம்பிய பந்தைத் துரத்தி எந்தக் கண்ணும் ஜெயிக்காது. அது போய்ச் சேரும் இடத்தில் கண்ணை முன்கூட்டியே வைத்துவிடுங்கள். அங்கே நடப்பது இரண்டே வகை. ஒன்று, பந்தை நிறுத்துவது. இன்னொன்று, பந்தை வாங்குவது. ஹாக்கி ரசனை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது என்பேன்.

நிறுத்துகிறவன் பந்தைச் சாகடிக்கிறான். மட்டையில் 'டக்' என்று பட்டு, பந்து அந்த இடத்திலேயே கிடக்கும். அப்புறம்தான் அவன் தலையைத் தூக்கி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பான். அந்த ஒரு மூச்சு நேரம் போதும், எதிரணிக்காரன் மேலே வந்து விழுந்துவிடுவான். வாங்குகிறவனோ பந்து வருவதற்கு முன்பே தலையைத் திருப்பிப் பார்த்தாயிற்று. மட்டையில் பந்து படும்போதே அது அடுத்த திசைக்குக் கிளம்பிவிட்டிருக்கும். பட்ட சத்தம்கூட மெத்தென்று இருக்கும். மட்டையின் உச்சியை இடக்கை இறுக்கிப் பிடித்திருக்க, கீழே இருக்கும் வலக்கை தளர்ந்து, பந்தின் வேகத்தோடு ஒரு இம்மி பின்வாங்கும். வலக்கை விறைப்பாக இருந்தால் பந்து தெறிக்கும். தளர்ந்திருந்தால் பந்து குடிபுகுந்துவிடும். கோட்டோரம் நின்றால் இதை வெறும் கண்ணால் பார்க்கலாம்.

நடுவரிசையில் இடது ஓரம் நிற்கும் லெஃப்ட் ஹாஃபைக் குறிவைத்துப் பாருங்கள். மட்டையின் தட்டைப் பக்கம் ஆடுபவனின் இடப்பக்கத்தைப் பார்த்தபடி இருக்கும். ஆகவே இடமிருந்து வரும் பந்தை யாரும் சுலபமாகத் தடுப்பார்கள். வலமிருந்து வருவதுதான் சோதனை. லெஃப்ட் ஹாஃபுக்கு வரும் பந்துகளில் பாதிக்கு மேல் வலப்பக்கம் இருந்தே வருகின்றன. எதிரணி கோலைப் பார்த்து நேராக நின்றானென்றால் அவன் மட்டையைத் திருப்பிப் பிடித்துத் தட்டுத்தடுமாறி நிறுத்த வேண்டியதுதான். விஷயம் தெரிந்த பையன் முதுகை எல்லைக் கோட்டுக்குக் கொடுத்து, களத்தின் குறுக்கே பார்த்து நிற்பான். இப்போது மொத்தக் களமும் அவன் கண்ணெதிரில். பந்து நேரே அவனிடம் வருகிறது. மட்டையைக் கொஞ்சம் சாய்த்துக் கொடுத்தால் போதும், பந்து அவன் இடப்பக்கமாக, அதாவது எதிரணி கோல் இருக்கும் திசையில், உருண்டுவிடும். ஒரே தொடுகையில் வாங்கியும் ஆயிற்று, முன்னேறியும் ஆயிற்று. பறிக்க ஓடிவந்த பார்வர்டு, பந்து இருந்த இடத்தில் கால் வைத்துவிட்டு வெறுமனே திரும்புவான். கேலரியில் யாரும் கை தட்ட மாட்டார்கள். நீங்கள் தட்டுங்கள்.

ரைட் ஹாஃபுக்கு இந்த வித்தை இப்படியே செல்லாது. அவனுக்கு இடமிருந்து வரும் பந்து மட்டைக்கு வாகானது, முன்னே பார்த்து நின்றே வாங்கலாம். அதனால் நல்ல ரைட் ஹாஃபை அவன் வாங்குவதில் கண்டுபிடிப்பது கஷ்டம், லெஃப்ட் ஹாஃபை மூன்றாவது பந்திலேயே கண்டுபிடித்துவிடலாம். ஒரு கல்லூரி அணி எவ்வளவு தேறும் என்று தெரிய வேண்டுமா? கோல் கணக்கை விடுங்கள், அந்த லெஃப்ட் ஹாஃப் நிற்கிற கோணத்தைப் பாருங்கள்.

நிறுத்துவதும் வாங்குவதும் ஆளின் திறமை சார்ந்தது மட்டும் அல்ல, தரையும் சேர்ந்து தீர்மானிப்பது. நம் பக்கத்துக் கரிசல் மண்ணில் அப்படியே ஹாக்கி ஆட முடியாது. மழை பெய்தால் மண் காலோடு அப்பிக்கொண்டு வரும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். சரளும் செம்மண்ணும் பரப்பி, உருளை ஓட்டி இறுக்கினால்தான் மைதானம். அந்தத் தரையில் பந்து கல்லில் பட்டு எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனவே மட்டையை நெட்டுக்குத்தாக வைத்து, உடம்பைப் பந்துக்குப் பின்னால் கொண்டுவந்து, முதலில் நிறுத்து என்றுதான் மண் மைதானம் பழக்கும். செயற்கைப் புல்வெளி, அதாவது டர்ஃப், வேறு. பந்து சொன்னபடி கேட்கும், ஆனால் வேகம் பயங்கரம். மட்டையைப் படுக்கவைத்து வாங்கலாம், வாங்கியபடியே ஓடலாம். அங்கே நிறுத்துகிறவன் பின்தங்குவான்.

நம் பகுதிப் பையன்கள் பலர் பள்ளியில் சரள் தரையில் தொடங்கி, அப்புறம் டர்ஃப் ஏறுகிறவர்கள். மண்ணில் பழகிய கண்ணும் டர்ஃபில் பழகிய கையும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் கிடைக்கிற ஆட்டம் தனி ருசி. பந்து கொஞ்சம் எகிறினாலும் பதற மாட்டான், கையைத் தளர்த்தி இறக்கிவிடுவான். கல்லூரி மைதானங்களில் எனக்குக் கிடைக்கும் பெரிய சந்தோஷம் இதுதான். பெரிய போட்டிகளில் இது கிடைப்பது அரிது. அங்கே எல்லோரும் ஒரே மாதிரி வாங்குகிறார்கள்.

1976இல் மாண்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. நியூசிலாந்து தங்கம் வென்றது, இந்தியா ஏழாவது. அன்றிலிருந்து "தரையை மாற்றி நம்மை ஏமாற்றிவிட்டார்கள்" என்று ஒரு கூட்டம் புலம்பிக்கொண்டே இருக்கிறது. தரை மாறியது உண்மை, டர்ஃப் போட அன்று நம்மிடம் பணம் இல்லாததும் உண்மை. ஆனால் அந்தப் புலம்பலைக் கட்டுரை கட்டுரையாக எழுதுபவர்களில் எத்தனை பேர் பக்கத்துக் கல்லூரி மைதானத்துக்குப் போய் ஒரு பையன் பந்தை எப்படி வாங்குகிறான் என்று பார்த்திருப்பார்கள்? பழம்பெருமை பேசுவது ரசனை ஆகாது. ஹாக்கி மேதை தியான் சந்த் பெயரை நூறு முறை உச்சரித்துவிட்டு, உள்ளூர் அணியின் சென்டர் ஹாஃப் யார் என்று தெரியாமல் இருப்பவரை நான் ஹாக்கி ரசிகர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொரு கூட்டம் பெனால்டி கார்னருக்கு மட்டும் நிமிர்ந்து உட்காரும். பந்தை மட்டையோடு இழுத்து வீசும் டிராக் ஃப்ளிக் என்றால் செல்போனைத் தூக்கும். அது அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கார்னர் எப்படிக் கிடைத்தது? நாற்பது மீட்டருக்கு அப்பால் எவனோ ஒருவன் சரியாக வாங்கியதால் எதிரணி குலைந்தது, குலைந்ததால் 'டி'க்குள் தவறு செய்தது. ரீல்ஸில் வருவது கடைசி இரண்டு நொடி. மட்டை நுனியில் பந்தைத் தட்டித் தட்டிக் காட்டும் வித்தைகளுக்கு அங்கே லட்சம் பேர் இருக்கலாம். பந்தைத் தூக்கி ஆளைத் தாண்டுவது ஆட்டத்தில் தேவைப்படும்போது மட்டுமே அழகு. பத்திரிகைகளும் 3-2 என்று போட்டுவிட்டு, கோல் அடித்தவர் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. கோல் அடித்தவனுக்குப் பந்து கொடுத்தவனையாவது எழுதுங்கள், ஐயா!

எப்போது போவது? ஆகஸ்ட் 29, தேசிய விளையாட்டு தினம், தியான் சந்த் பிறந்த நாள். அன்றைக்கு ஏதாவது ஒரு வளாகத்தில் ஆட்டம் இருக்கும், விசாரித்துப் பாருங்கள். கல்வியாண்டு சூடுபிடித்ததும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி வரும். அதில் கண்ணில் படுகிறவர்கள் பல்கலைக்கழக அணிக்குப் போவார்கள், அந்த அணி தென்மண்டலப் பல்கலைக்கழகப் போட்டிக்குப் போகும். ஆகவே இந்தக் கல்லூரி ஆட்டங்களில் பையன்கள் விளையாட்டாக ஆடுவதே இல்லை, ஒவ்வொருவனும் தேர்வு எழுதுகிறான். மே மாதம் கிருஷ்ணா நகரில் லட்சுமி அம்மாள் நினைவுப் போட்டி. நாளும் நேரமும் வேண்டுமென்றால் கல்லூரி வாசலில் அறிவிப்புப் பலகையைப் பாருங்கள், அல்லது நேரே உடற்கல்வித் துறைக்குப் போய்க் கேளுங்கள். வெளியாளை உள்ளே விடுவார்களா என்று தயங்காதீர்கள். ஹாக்கி பார்க்க வந்தேன் என்று சொன்னால், வாட்ச்மேனுக்கும் பி.டி. சாருக்கும் அதைவிடச் சந்தோஷம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் முதல் ஆட்டம் தொடங்கிவிடும், கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேலரியின் நடுவில் உட்கார வேண்டாம். அங்கிருந்து கோல்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்த அணியின் இடப்பக்கக் கோட்டோரம், நடுக்கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நில்லுங்கள். அங்கே லெஃப்ட் ஹாஃபின் மூச்சுகூடக் கேட்கும். வெளியேயிருந்து பயிற்சியாளர் "லே, பாத்து வாங்குல!" என்று கத்துவது கேட்கும்.

உங்களிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். நான் எந்த அணி ஜெயிக்கிறது என்று சில நாள் கவனிப்பதே இல்லை. ஒரு பையனைப் பிடித்துக்கொண்டு, ஆட்டம் முழுக்க அவன் தலை எப்போது திரும்புகிறது என்று மட்டும் பார்ப்பேன். பந்து வருவதற்கு முன்பு இரண்டு முறை தோளுக்கு மேலே பார்த்தானென்றால் அவன் பெயரை விசாரித்து வைத்துக்கொள்வேன். அடுத்த ஆண்டு அந்தப் பெயர் பல்கலைக்கழக அணியின் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் தேடுவதும் நான்தான்.