சிங்கப்பூரில் இஸ்லாமியக் கல்விச் சிந்தனையும் பாடத்திட்ட உருவாக்கமும்: தமிழின் இடம் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

இஸ்லாமியக் கல்விச் சிந்தனையின் அடிப்படையில் பள்ளிப் பாடத்திட்டம் வகுக்கும் முயற்சி, 1977ஆம் ஆண்டு மக்காவில் நடைபெற்ற முதல் உலக முஸ்லிம் கல்வி மாநாட்டிற்குப் பின் வலுப்பெற்றது. அச்சிந்தனை சிங்கப்பூரில் பெற்றுள்ள வடிவத்தையும் அதில் தமிழுக்குள்ள இடத்தையும் ஈண்டு மதிப்பிட முற்படுகிறோம்.

கோட்பாடும் நடைமுறையும்

இமாம் கஸாலி கல்வியைத் தனிமனிதக் கடமை (பர்ளு ஐன்), சமுதாயக் கடமை (பர்ளு கிபாயா) எனப் பகுத்தார். மருத்துவமும் கணிதமும் பின்னதில் அடங்கும். ஆகவே, கணக்குப் பாடமும் மார்க்கக் கடமைக்குப் புறம்பானதாகாது. சையது முகம்மது நகீப் அல்-அத்தாஸ், கல்வியின் சாரம் ‘தஃதீப்’, அதாவது மாணவரிடம் அதபை உருவாக்குதல் என்றார். இவ்விரு கருத்துகளும் பாடங்களின் எண்ணிக்கையைவிட நோக்கத்தின் ஒருமையையே வலியுறுத்துகின்றன.

சிங்கப்பூரில் 2000இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்விச் சட்டம் 2003இல் நடப்புக்கு வந்தது. ஆறு முழுநேர மதரசாக்கள் தொடர்ந்து இயங்கின. எனினும் 2008 முதல், தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் அவை குறித்த தரத்தை எட்ட வேண்டியதாயிற்று. இந்நிபந்தனை நியாயமானதே. ஆயினும், தேர்வுப் பாடங்களையும் சமயப் பாடங்களையும் ஒரே கால அட்டவணையில் அடுத்தடுத்து அமைப்பதால் மட்டும் கஸாலி கருதிய ஒருமை வாய்த்துவிடாது.

தமிழின் இடம்

புக்கிட் பாஞ்சாங்கில் வாழும் தமிழ் முஸ்லிம் சிறுவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் தேசியப் பள்ளியில் தமிழைத் தாய்மொழிப் பாடமாகக் கற்கிறான். வார இறுதியில் பள்ளிவாசல் வகுப்பில் மார்க்கத்தை ஆங்கிலத்திலோ மலாயிலோ கற்க நேர்கிறது. கல்விக்கூடம், தொழுகையிடம் இரண்டையும் தமிழ் முஸ்லிம்கள் ‘பள்ளி’ என்றே வழங்குவர். சொல்லில் ஒன்றாயிருப்பவை அவனது கல்வியில் பிரிந்து நிற்கின்றன.

இப்பிரிவு தவிர்க்க இயலாததன்று. சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1946இல் நிறுவிய தமிழ்ப்பள்ளி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைத் தாங்கியது. அப்பெயர் இன்று தமிழ்மொழி நிலையத்தின் பெயராக நீடிக்கிறது. மார்க்கப் பற்றும் மொழிப்பற்றும் ஒன்றையொன்று விலக்கவில்லை என்பதற்கு அது சான்றாகும்.

முடிவுரை

பல சமய மாணவர் பயிலும் தேசியப் பள்ளியில் தமிழாசிரியர் சமயம் போதிக்க இயலாது, போதிக்கவும் கூடாது. ஆனால், சீறாப்புராணத்தை அனைவருக்குமான இலக்கியமாகக் கற்பிக்கலாம். பள்ளிவாசல் வகுப்பும் தமிழை விளக்கமொழியாக ஏற்றல் வேண்டும். அதற்குத் தமிழும் மார்க்கமும் அறிந்த ஆசிரியர்களை உருவாக்குவதே முதற்பணி என்பது எம் துணிபு. மாணவனின் மொழியைப் புறத்தே நிறுத்தும் பாடத்திட்டத்தால் அவனிடம் அதபை வேரூன்றச் செய்தல் அரிது.