பொட்டழித்த விமானங்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் பலேர்மோத் தமிழர் பலர் சாந்தா ரொசாலியாவிடம் மலையேறிப் போவார்கள். நான் பெரும்பாலும் பியாட்சா பெரன்னியின் பழம்பொருட் சந்தைக்குப் போவேன். உடைந்த கதிரைகளுக்கும் செம்புச் சட்டிகளுக்கும் நடுவே அங்கேதான் இந்தப் படத்தொகுப்பு அகப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து பறந்த சண்டை விமானங்களின் புகைப்படங்கள். நூலின் பெயர் இங்கே அவசியமில்லை. இவ்வகை நூல்களுக்கெல்லாம் ஒரே முகம்தான்: மேலே கறுப்பு வெள்ளைப் படம்; கீழே விமானத்தின் வகை, படையணி, வாலில் உள்ள எழுத்து, இறக்கையில் உள்ள வட்டம்.

இதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. அடையாளக் குறிகளை இப்படிப் பொறுமையாக வாசிப்பதில் உண்மையான உழைப்பு இருக்கிறது. 1942 ஏப்ரிலில் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய யப்பானிய விமானங்களின் பின்னுடலில் நிறக் கோடுகள் இருந்தன. சிவப்பு ஒன்றென்றால் அக்காகி. நீலம் ஒன்று சோர்யு, இரண்டு ஹிர்யு. வெள்ளை ஒன்று சொக்காக்கு, இரண்டு சூயிகாக்கு. எந்த விமானம் எந்தக் கப்பலுக்குரியது என்பதைக் கோடே சொல்லிவிடும். எங்கள் ஊரில் மாட்டுக்குக் குறி சுடுவதும் இதற்காகத்தான்.

திருகோணமலையில் பிறந்தவன் என்பதால் என்னை மறித்து நிறுத்தியது ‘இன்டொமிற்றபிள்’ என்ற பிரித்தானியக் கப்பல். 1942 மார்ச்சில் இலங்கைக்கு ஹரிக்கேன் விமானங்களைக் கொண்டுவந்து சேர்த்தது அது. அடுத்த மாதம் யப்பானியர் வந்தபோது ‘போமிடபிள்’ என்ற இன்னொரு தாங்கிக் கப்பலோடு இந்து சமுத்திரத்தில் நின்றது. 1943 யூலையில் இவ்விரண்டும் சிசிலித் தரையிறக்கத்துக்குக் காவலாக இந்தத் தீவின் கடலில் நின்றன. யூலை 16இல் விமானமொன்று போட்ட டோபிடோ இன்டொமிற்றபிளைத் தாக்கியது. யூலை 22இல் அமெரிக்கர் பலேர்மோவுக்குள் நுழைந்தார்கள். திருத்தப்பட்ட கப்பல் 1944இல் மறுபடியும் திருகோணமலைக்கு வந்தது. நான் வந்த பாதையை அந்தக் கப்பல் எனக்கு முதலே போய்த் திரும்பியிருக்கிறது.

சிசிலிக் கடலில் நின்றபோது அதன் விமானங்களில் இருந்த வட்டத்தின் நடுவே சிவப்பு இருந்தது. 1944இல் கீழைக் கடற்படையின் விமானங்களில் அந்தச் சிவப்பு இல்லை. நீலமும் வெள்ளையும் மட்டும்தான். யப்பானியரின் அடையாளம் சிவப்பு வட்டம். பதற்றத்தில் நிற்கும் பீரங்கிக்காரன் சிவப்பைக் கண்டவுடன் சுட்டுவிடுவான், சொந்த விமானத்தையே. இதே காரணத்துக்காக அமெரிக்கரும் 1942 மே மாதத்தில் தங்கள் நட்சத்திரத்தின் நடுவே இருந்த சிவப்பை அழித்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் வட ஆபிரிக்கத் தரையிறக்கத்தின்போது பிரித்தானிய விமானங்கள் அமெரிக்க நட்சத்திரத்தை வரைந்துகொண்டு போயின. 1940இல் மெர்ஸ் எல் கெபீரில் தங்கள் கப்பல்களைத் தாக்கிய பிரித்தானியர்மீது பிரெஞ்சுக்காரருக்கு அவ்வளவு கோபம்.

தொகுப்பாசிரியர் இவற்றையெல்லாம் திகதியோடு தருகிறார். ஆனால் நிறமாற்றம் அவருக்கு ஒரு தொழில்நுட்ப விபரம். எனக்கு அது அப்படியில்லை. 1983 யூலையில் கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸுக்குள் என் அக்கா சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தா. 1958இலும் இப்படி அழித்தவர்கள் உண்டு. நெற்றியில் ஒரு சிவப்பு, அது உயிரைக் காட்டிக்கொடுக்கும் என்றால் அழிக்கத்தான் வேண்டும். விமானத்துக்கு அதற்கொரு கட்டளை வந்தது, வர்ணம் வந்தது, படமெடுக்க ஆள் வந்தது. அக்காவின் நெற்றியை யார் படமெடுத்தார்கள்?

இன்னொரு குறையும் உண்டு. இந்தக் குறிகள் வானத்தில் இருப்பவர்களும் துவக்கோடு நிற்பவர்களும் வாசிப்பதற்கானவை. நிலத்தில் ஒளிந்திருப்பவர்களுக்கு அவற்றை வாசிக்க நேரமில்லை. தொண்ணூறுகளில் நான் பராமரித்த முதியவர் ஒருவர், 1943 மே 9இல் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் பலேர்மோவைத் தாக்கியபோது சிறுவன். இறக்கையில் என்ன கீறியிருந்தது என்று கேட்டேன். “சத்தம்தான் தெரியும்” என்றார். எனக்கும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் நாங்கள் சத்தத்தை வைத்தே பொம்மரா, ஹெலியா, சியாமாசெட்டியா என்று சொல்லிவிட்டுப் பதுங்குகுழிக்குள் பாய்ந்தோம். சியாமாசெட்டி என்பது சியாய் மார்க்கெத்தி என்ற இத்தாலிய நிறுவனத்தின் பெயர் என்பதை இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் அறிந்தேன்.

1942 ஏப்ரில் 9இல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கும் ‘ஹேர்மிஸ்’ கப்பலின் படம் இந்தப் பார்வைக்குச் சரியான உதாரணம். யப்பானிய விமானமொன்றிலிருந்து எடுத்தது. சரிந்த கப்பல் முழுதாகத் தெரிகிறது. விமானந்தாங்கிக் கப்பல்தான், ஆனால் அன்று அதில் விமானங்கள் இல்லை. இறந்த 307 பேரும் அந்த உயரத்திலிருந்து தெரிவதில்லை. படம் பொய் சொல்லவில்லை; நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைச் சொல்கிறது. அந்த இடம் எது என்று கேட்காமல் குறிகளை மட்டும் எண்ணுவதுதான் இந்நூலின் குறை. எனினும் இதை வாசிக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். எங்கள் துறைமுகத்தின் ஒரு காலம் இப்படி மற்றவர்களின் நூல்களில்தான் கிடக்கிறது.

அக்கா இங்கே வந்திருந்தபோது 1944ஆம் ஆண்டுப் படத்தைக் காட்டினேன்.

“சிவப்பை ஏன் அழிச்சவங்கள்? எதிரிக்குப் பயந்தோ?”

“இல்லை. தங்கடை ஆக்கள் சுட்டுப்போடுவாங்கள் எண்டு.”

அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு, “அந்தப் பயமும் எங்களுக்குத் தெரியும்தானே” என்று சொல்லிவிட்டு, பொட்டைச் சரிபார்த்துக்கொண்டு மலையேறப் புறப்பட்டா.