அத்தை மேல் ஒரு கண் இருக்கட்டும்

'ஷாகா இலெம்பே' தொடரைச் சண்டைக்காகப் பார்க்க உட்காருகிறவர்களுக்குத் தொடக்கப் பகுதிகளிலேயே பொறுமை போய்விடும். குட்டை ஈட்டியும் எருமைக்கொம்பு வியூகமும் எப்போது வரும் என்று காத்திருந்தால், திரையில் மாட்டுக்குப் பேரம் நடக்கிறது. பாயில் உட்கார்ந்து பெண்கள் தணிந்த குரலில் பேசுகிறார்கள். ஒருத்தி வயிற்றில் இருப்பது பிள்ளைதானா என்று பெரியவர்கள் கூடி விவாதிக்கிறார்கள். தொடரின் உயிர் அங்கேதான் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ம்ஸான்ஸி மேஜிக் சேனலில் 2023 ஜூனில் தொடங்கிய இது, ஜூலு மன்னன் ஷாகாவின் வரலாறு என்ற பெயரில், அரியணையில் யார் உட்காரலாம் என்பதை முடிவு செய்பவர்களின் கதையைச் சொல்கிறது.

அப்படி முடிவு செய்பவர்களில் முக்கியமானவள் ம்கபாயி. ஷாகாவின் தந்தை சென்ஸாங்ககோனாவுக்கு அக்காள். இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி. இரட்டை பிறந்தால் ஒன்றைக் கொன்றுவிடும் வழக்கத்தை அவள் தந்தை ஜாமா மறுத்ததால் உயிர் பிழைத்தாள் என்பது ஜூலு மரபு. ஜாமா இறந்தபோது தம்பி சிறுவன். அவன் தலையெடுக்கும்வரை ஆட்சியைத் தாங்கியவள் இவள். 1828-இல் ஷாகாவை அவன் சகோதரர்கள் திங்கானேயும் ம்ஹ்லாங்கனாவும் குத்திக் கொன்றார்கள். அதற்குப் பின்னால் இருந்ததும் அத்தைதான் என்கிறார்கள். முடிவை உடைத்துவிட்டதாகக் கோபப்பட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கொலை இது. தெரிந்துகொண்டு பார்த்தால், முதல் பருவத்தில் அவள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் காட்சிகளுக்கும் எடை கூடும்.

அடுத்து மாடு. மன்னனுக்குப் பல மனைவியர். மூத்த மகன் என்பதாலேயே பட்டம் வந்துவிடாது. தாய் எந்தக் குலத்தவள், அவளுக்காக மாடுகள் முறைப்படி கொடுக்கப்பட்டனவா, மனைவியரில் அவளுக்கு எந்த இடம் என்பதெல்லாம் பார்க்கப்படும். லொபோலா எனப்படும் அந்த மாடுகள் கைமாறினால்தான் பிள்ளை தந்தை வீட்டுப் பிள்ளை. ஷாகாவின் தாய், லாங்கெனி குலத்து நாந்தி, மணமாகாமலே கருவுற்றாள். அது கருவே அல்ல, குடலில் பூச்சி என்று ஜூலு பெரியவர்கள் சொல்லி அனுப்பியதாகக் கதை. ஷாகாவின் உரிமை பிறக்கும் முன்பே அங்கே ஆட்டம் கண்டுவிடுகிறது. நாந்தியாக நடிக்கும் நோம்ஸாமோ ம்பாதா தொடரின் தயாரிப்பாளர்களிலும் ஒருவர். மகனுக்கு இணையாகத் தாய்க்கும் இடம் கிடைத்திருப்பதில் வியப்பில்லை.

பெயர்கள் குழப்பும். ஜூலு, ம்தெத்வா, ந்த்வாந்த்வே என்று மூன்று அரசுகளை மட்டும் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டால் போதும். அன்று இவற்றில் சிறியது ஜூலுதான். ம்தெத்வாவின் திங்கிஸ்வாயோ, தந்தைக்கு எதிராகச் சதி செய்ததாகச் சந்தேகிக்கப்பட்டுக் காயத்தோடு தப்பியவன். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிவந்து சகோதரனிடமிருந்து ஆட்சியைப் பறித்தான். அவனிடம் போர்வீரனாக வளர்ந்த ஷாகா, 1816-இல் தந்தை இறந்ததும் என்ன செய்தான் என்பதை ஊகிப்பது கடினமல்ல. பட்டத்துக்கு வந்திருந்த சகோதரன் சிகுஜானா கொல்லப்பட்டான். ம்தெத்வா படையின் துணையோடு ஷாகா ஊருக்குள் வந்தான். மூன்றாவது அரசின் ஸ்விடேவுக்குப் பின்னால் அவன் தாய் ந்தோம்பாஸி நிற்கிறாள். தோற்ற மன்னர்களின் மண்டையோடுகளைக் குடிசையில் தொங்கவிட்டிருந்தாள் என்று பெயரெடுத்தவள்.

வசனங்கள் பெரும்பாலும் ஜூலு மொழியில். ஆங்கில வசன வரிகளோடு பார்க்கலாம். ஆங்கிலக் குரல் சேர்த்தால் பாதி சுவை போய்விடும். மன்னனுக்கு முன்னே நின்று முழங்கும் புகழ்பாடியின் குரலை அவசரப்பட்டுத் தாண்டிவிடக் கூடாது. அவன் வெறும் துதிபாடி அல்ல. மன்னனைச் சபையில் குத்திக்காட்டும் உரிமையும் அவனுக்கு உண்டு. முன்னோரின் பெயர்களை வரிசையாகச் சொல்லும்போது யாரைச் சேர்க்கிறான் என்பதைக் கவனித்தால் வாரிசுச் சண்டை காதிலேயே விழும். கண்ணுக்கு மாட்டுப்பட்டி. குடிசைகள் வட்டமாகச் சூழ நடுவில் இருக்கும் அதற்குள் யார் நுழைகிறார்கள், யார் வெளியே நிறுத்தப்படுகிறார்கள் என்பதில் குடும்பத்தின் ஏற்றத்தாழ்வு தெரிந்துவிடும்.

1986-இல் தென்னாப்பிரிக்க அரசு ஒளிபரப்பு நிறுவனம் எடுத்த 'ஷாகா ஜூலு'வையும் பார்க்கலாம், ஆனால் பின்னால். ஷாகாவாக நடித்த ஹென்றி செலேயின் கம்பீரத்தை மறக்க முடியாது. இருந்தாலும் அது நிறவெறி ஆட்சிக்காலத் தொடர். 1824-இல் நேட்டாலுக்கு வந்த வெள்ளை வணிகர்களின் கண்வழியே ஷாகா விசித்திரப் பிறவியாகத் தெரிகிறான். அந்த வணிகர்களில் ஒருவரான ஹென்றி ஃபின்னின் நாட்குறிப்பு பிற்காலத்தில் திரும்ப எழுதப்பட்டது. புதிய தொடரும் வரலாற்று ஆவணம் அல்ல. வாய்மொழி மரபில் இடைவெளி இருக்கும் இடமெல்லாம் கற்பனைதான் இட்டு நிரப்புகிறது. ஆனாலும் இங்கே ஜூலுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். அந்நியன் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்வதில்லை. அந்த ஒன்றுக்காகவே இது மேல்.

முதல் பகுதிக்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்கி, ஜூலு அரச குடும்பத்தின் இக்கால வாரிசுச் சண்டை பற்றிய சில பழைய செய்திப் படங்களைப் பார்ப்பது நல்லது. 2021 மார்ச்சில் ஜூலு மன்னர் குட்வில் ஸ்வெலிதினி இறந்தார். ஆட்சிப் பொறுப்பை ஏற்ற அரசி மந்த்ஃபோம்பி அடுத்த மாதமே காலமானார். அவர் மகன் மிசுஜுலுவுக்குப் பட்டம் என்றதும் குடும்பத்துக்குள் எதிர்ப்பு எழுந்து நீதிமன்றம்வரை போனது. மிசுஜுலுவின் பக்கம் பேசியவர்கள் முன்வைத்த வாதங்களில் ஒன்று, ஸ்வாஸி இளவரசியான அவர் தாய்க்கு லொபோலா மாடுகளை ஜூலு மக்களே சேர்ந்து கொடுத்தார்கள் என்பது. 2022 அக்டோபரில் டர்பன் ஸ்டேடியத்தில் அதிபர் ராமபோசா அங்கீகாரச் சான்றிதழைக் கொடுத்தார். தொடர் ஒளிபரப்பானது அதற்கு எட்டு மாதம் கழித்து.