‘மிகப் பெரிய’ என்பதன் வேர் தேடும் மரபு

பெங்களூரு அல்சூர்க் கடைவீதியில் ஒப்பிட்டுப் பேசும்போது தமிழர் ‘என்னைவிட’ என்பார். கன்னடர் ‘நனகிந்த’ என்பார். தெலுங்கர் ‘நாகண்டே’ என்பார். மலையாளி ‘என்னெக்காள்’ என்பார். எல்லாரையும் மிஞ்சியதைச் சொல்ல, ‘எல்லாரையும்விட’ என்பதுபோல் ‘எல்லா’ சேர்த்தால் போதும். ‘பெரிய’ என்ற அடை மட்டும் எங்கும் மாறுவதில்லை.

பழைய இத்தாலிய மொழிகளின் வழி வேறு. லத்தீன் ‘மாக்ஸிமுஸ்’ (மிகப் பெரியவன்) தன் சொல்லுக்குள்ளேயே உச்சத்தைச் சுமக்கிறது. ஆஸ்கன் மொழியிலும் ‘மிக அருகிலுள்ள’ என்ற பொருளில் ‘நெஸ்ஸிமாஸ்’ கிடைக்கிறது. இவ்விகுதிகளைக் கெல்டிக் மொழிகளின் விகுதியோடு பொருத்தி, இரு கிளைகளின் உறவை 1970இல் ஆராய்ந்தார் மொழியியலர் வாரன் கௌகில். லத்தீன் ‘இன்டிமுஸ்’ என்பதன் ஈறும், நாம் வடமொழியிலிருந்து பெற்ற ‘உத்தமம்’ என்பதில் உள்ள ‘தம’ விகுதியும் ஒரே மூலத்தவை.

நம் மொழிகளில் இந்தத் தேடலை மூன்று பள்ளிகள் வளர்த்தன. முதலாவது இலக்கண மரபு. ‘இன்’ உருபேற்கும் ஐந்தாம் வேற்றுமைக்கு ஒப்புப் பொருளைத் தந்து, பெருமை, சிறுமை, முதுமை, இளமை எனப் பட்டியலிட்டது தொல்காப்பியம். கன்னடத்துக்குக் கேசிராசரின் ‘சப்தமணிதர்ப்பணம்’ பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தது. இரண்டாவது, எல்லிஸ் என்ற ஆங்கில அதிகாரி 1816இல் தொடங்கிய ஐரோப்பிய அறிஞர் பள்ளி. 1856இல் கால்டுவெல், திராவிட மொழிகளில் ஒப்புப் படிக்குத் தனி விகுதி இல்லை என்று தெளிவாக எழுதினார். 1894இல் கன்னட அகராதி தந்த கிட்டெலுக்குப் பெங்களூரு சிலை எழுப்பியிருக்கிறது. மூன்றாவது, பர்ரோ–எமனோவின் சொற்பிறப்பகராதியும் (1961; இரண்டாம் பதிப்பு 1984) பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தியின் 2003ஆம் ஆண்டு நூலும் நிலைநிறுத்திய ஒப்பீட்டுப் பள்ளி.

இப்பள்ளியின் அளவுகோல்கள் கண்டிப்பானவை. ஒலி மாற்றம் ஒழுங்காகப் பொருந்த வேண்டும். மிகப் பழைய சான்றே முதலில் பேச வேண்டும். அண்டை மொழியிலிருந்து பரவியதை மரபுச் சொத்தாகக் கணக்கிடலாகாது. வேற்றுமை உருபால் ஒப்பிடும் வழக்கம் இந்தியிலும் உண்டு. இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாகவே பார்க்கலாம் என்று எமனோ 1956இல் காட்டியிருக்கிறார். ஆகவே அமைப்பு ஒன்றாக இருப்பது மட்டுமே பொது மூலத்துக்குச் சான்றாகாது.

இவற்றால் அளந்தால் தெரிவது இது: ‘விட’, ‘கண்டே’, ‘காள்’ ஆகியவை அந்தந்த மொழி தனித்தனியே வளர்த்துக்கொண்டவை. ‘விட’ என்பது ‘விடு’ என்ற வினையின் எச்சமே. தமிழ் ‘இன்’ உருபும் பழங்கன்னட ‘இம்’ உருபும் மட்டுமே நெருங்கி நிற்கின்றன. தேடலைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான். இல்லாத விகுதியை மூலமொழிக்குக் கற்பித்துப் பெருமை கொள்ளத் தேவையில்லை. விகுதியின்றியே உச்சத்தைச் சொல்லும் ஆற்றல் நம் மொழிகளுக்கு உண்டு.

இந்த ஆய்வுக்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான ஊர் அரிது. இங்கு வளரும் தமிழ்ப் பிள்ளைகள் தொல்காப்பியத்தோடு கேசிராசரையும் கன்னட எழுத்திலேயே படிக்க வேண்டும். அதற்கு வழிசெய்வது பெற்றோர், தமிழ் அமைப்புகள் அனைவரின் கடமை.