நஞ்சுண்ட நிலமும் நாவலும்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளெனக் கொண்டது நமது இலக்கண மரபு. மழை பொய்த்து வெயில் மிகும்போது காடும் மலையும் தம் இயல்பு கெட்டுப் பாலையாகும் எனப் பழந்தமிழர் கருதினர். அப்பாலை மீண்டும் மழை பெய்ததும் தளிர்க்கும். இலாபத்துக்காக நடத்தப்பட்ட உற்பத்தி ஒரு நிலத்தைப் பாலையாக்கி விட்டால் அதனைத் தளிர்க்கச் செய்ய மழை போதாது. பெய்யும் மழையே நஞ்சைக் கிணறுகளுக்குக் கொண்டு சேர்க்கும். இத்தகைய நிலத்தை இலக்கியம் எவ்வாறு எதிர்கொள்கிறது என்ற கேள்வியோடு இந்திரா சின்ஹா 2007 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘அனிமல்ஸ் பீப்பிள்’ என்னும் நாவலை நாம் இங்கு நோக்குவோம்.

நாவலில் வரும் கௌஃப்பூர் என்ற கற்பனை நகரம் போபால் என்பது வெளிப்படை. 1984 டிசம்பர் 2 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டி யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து ஏறத்தாழ 40 தொன் நச்சுவாயு வெளியேறி ஆயிரக்கணக்கானோரைக் கொன்றதை உலகம் அறியும். உலகம் அதிகம் அறியாதது வேறொன்று உண்டு. 1969 முதல் பூச்சிகொல்லி செய்து வந்த அவ்வாலையின் கழிவுகள் வளவினுள்ளே புதைக்கப்பட்டன. வெளியே வெட்டப்பட்ட ஆவியாக்கற் குளங்களிலும் கொட்டப்பட்டன. 1999 இல் கிரீன்பீஸ் அமைப்பு மண்ணையும் நீரையும் சோதித்தபோது பாதரசமும் குளோரின் சேர்ந்த நச்சுப் பொருள்களும் காணப்பட்டன. இந்த நஞ்சு விபத்தினால் வந்ததன்று. ஆலை ஒழுங்காக இயங்கிய நாட்களின் அன்றாட விளைவு. வாயு ஒருபோதும் கசிந்திராவிடினும் அயற் குடிசைகளின் நிலத்தடி நீர் கெட்டே இருக்கும். சுத்தமான குடிநீர் வழங்குமாறு இந்திய உச்ச நீதிமன்றம் கட்டளையிடுவதற்கு 2004 வரை காலம் சென்றது.

இந்நாவலின் தலையாய சிறப்பு, இந்நிலத்தை அதிற் குடியிருப்பவனின் கண்கொண்டு காட்டுவதாகும். நஞ்சினால் முதுகெலும்பு வளைந்து, நான்கு காலில் நடக்கும் இளைஞன் ஒருவன் தன்னை ‘மிருகம்’ என்றே அழைத்துக்கொண்டு கதை சொல்கிறான். அவனுடைய மொழி கொச்சையானது, குறும்பானது, சினம் மிக்கது. பாழடைந்த ஆலை அவனுக்கு நினைவுச் சின்னமன்று; உறங்கும் இடம். பறவை பாடாத, பூச்சி அரற்றாத அவ்வளவின் அமைதியை அவன் சொல்லும்போது எந்த அறிக்கையும் தர முடியாத அறிவை நாம் பெறுகிறோம். தொலைதேசத்து வாசகரை அவன் வெறும் ‘கண்கள்’ என்றே விளிக்கிறான். துன்பத்தைப் பார்த்து இரங்கிவிட்டுத் தாளைப் புரட்டும் நம்மையும் அவ்விளி சுடுகிறது. போபால் மக்களுக்கு இலவச மருத்துவமனை அமைக்க நிதி கோரும் விளம்பரங்களை எழுதியவர் சின்ஹா. இரக்கத்தின் பயனையும் அதன் எல்லையையும் அவர் அனுபவத்தால் அறிந்தவர் எனலாம்.

அமெரிக்க வைத்தியர் எல்லி இலவச மருத்துவமனை திறக்கிறாள். மக்களோ அதனைப் புறக்கணிக்கின்றனர். அவள் சேர்க்கும் நோய்க்குறிப்புகள் கம்பனியின் வழக்கறிஞர் கையிற் சிக்கி, நோய்க்குக் காரணம் நஞ்சன்று, வறுமையே என நிறுவப் பயன்படுமோ என்பது அவர்களின் அச்சம். இதனைப் படிப்பறியாதோரின் மூடத்தனம் என ஒதுக்கிவிட இயலாது. மண்ணை யார் அளக்கிறார், யாருக்காக அளக்கிறார், அளந்த கணக்கு யார் கையில் இருக்கும் என்ற மூன்று கேள்விகளும் விஞ்ஞானத்துக்குப் புறம்பானவையல்ல. மக்களின் நம்பிக்கையைப் பெறாத ஆய்வு, அதன் எண்கள் சரியாயிருப்பினும், பாதி ஆய்வே. இதனைப் பிரசாரமாக்காமல் கதையின் முடிச்சாகவே அமைத்தமை ஆசிரியரின் வெற்றி.

ஆயினும் குறைகளையும் சொல்லியாக வேண்டும். நாவலின் பேரச்சம் ‘அந்த இரவை’யே சுற்றிச் சுழல்கிறது. ஆலைத் தொழிலாளியின் அனுபவம் அதிற் பெறும் இடம் மிகச் சிறிது. நஞ்சைத் தன் கையாலேயே அள்ளிக் கொட்டியவனும், அதனால் முதலில் நோயுற்றவனும் அவனே. அவன் மங்கிப்போனதால் அன்றாட உற்பத்திக்கும் கெட்ட நிலத்துக்கும் உள்ள காரண காரியத் தொடர்பும் மங்கிவிடுகிறது. இறுதியில் ஆலை தீப்பற்றுவது வாசகனின் உள்ளத்தை உலுக்குகிறது. ஆனால் மண்ணுள் ஊறிய நஞ்சைத் தீ தொடுவதில்லை. நாடகத்துக்கு முடிவு உண்டு. நிலத்தின் கதை அவ்வாறு முடிவதில்லை.

அண்மைய நிகழ்ச்சிகள் இதற்குச் சான்று. 2025 ஜனவரியில் ஆலை வளவில் மூடிவைக்கப்பட்டிருந்த 337 தொன் கழிவு, ஏறத்தாழ 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள பிதாம்பூருக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. அங்குள்ள மக்கள் கிளர்ந்தெழுந்தனர். இருவர் தீக்குளிக்க முயன்றனர். எனினும் அவ்வாண்டின் நடுப்பகுதிக்குள் அது எரித்து முடிக்கப்பட்டது. சுண்ணாம்பு முதலியன கலந்தமையால் எஞ்சிய சாம்பல் எரிக்கப்பட்டதினும் நிறையிற் கூடியிருந்தது. ஓர் ஏழை ஊரின் நஞ்சு இன்னோர் ஊரின் வாசலுக்குச் சென்றது. போபாலின் மண்ணிற் புதைந்ததும் நீரிற் கலந்ததும் அங்கேயே இருந்தன. அவ்விடத்தில் நினைவகம் எழுப்பும் எண்ணமும் நெடுநாளாகப் பேசப்படுகிறது. அயலவன் குடிக்கும் நீரைச் சுத்தமாக்காமல் எழுப்பும் நினைவகம், மறதிக்குக் கட்டும் மண்டபமாகவே அமையும். 2001 இல் யூனியன் கார்பைடை வாங்கிய டௌ கம்பனி, பழைய கம்பனியின் பொறுப்புத் தன்னைச் சேராது என வாதிட்டு வந்துள்ளது. சொத்து கைமாறும்போது பொறுப்பு மட்டும் கைநழுவும் விந்தையை நாம் இங்கு காண்கிறோம்.

நமக்கும் இதில் பாடம் உண்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் பரந்தன் இரசாயன ஆலையும் போர்க்காலத்தில் ஓய்ந்தவை. அவ்விடங்களிலே தொழில் வலயங்கள் அமைப்பதைப் பற்றி இன்று பேசப்படுகிறது. வேலையற்ற இளைஞருக்கு ஆலைகள் வேண்டும். அதில் நமக்கு இருகருத்தில்லை. அடிக்கல் நாட்டுமுன் மண்ணும் கிணற்று நீரும் சோதிக்கப்பட வேண்டும். முடிவுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஊர்மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அங்கு முன்பு வேலை செய்த தொழிலாளர், எது எங்கே கொட்டப்பட்டது என அறிந்தவர்கள். உயிரோடிருக்கும்போதே அவர்களின் வாய்மொழி எழுதப்பட வேண்டும். நமது எழுத்தாளர்கள் செய்யத்தக்க பணி இது. சின்ஹா விட்டுச்சென்ற இடைவெளியை நிரப்பக்கூடிய நாவல் அவ்வாய்மொழியிலிருந்தே பிறக்கும்.