நினைவஞ்சலியில் இல்லாத அம்மா

குலசேகரன்பட்டினம் (குலசை), உடன்குடி, மணப்பாடு வட்டாரத்தில் வீட்டுக்கு மூத்த பெண் ஒருத்தி இறந்தால், நீர்மாலை எடுப்பதற்குள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி தெருவுக்கு வந்துவிடுகிறது. பதினாறாம் நாள் காரியத்துக்கு அழைப்பு அச்சாகிறது. ஆண்டு திரும்பும்போது நாளிதழில் படத்துடன் நினைவஞ்சலி வெளியாகிறது. கத்தோலிக்க வீடுகளில் முப்பதாம் நாள் திருப்பலியும் நவம்பர் 2 கல்லறைத் திருநாளும், பல இசுலாமிய வீடுகளில் நாற்பதாம் நாள் பாத்திஹாவும் இதே கடமையை நிறைவேற்றுகின்றன. இவற்றின் பின்னால் உள்ள அன்பு உண்மையானது. அதை எவரும் ஐயுற வேண்டியதில்லை. ஆனால் அந்த அன்பு தேர்ந்துகொண்ட வடிவம் போதுமானதா என்று கேட்க வேண்டியிருக்கிறது. இன்றைய நினைவஞ்சலி முறை, இறந்தவள் யாருக்கு என்ன உறவு என்பதைக் காப்பாற்றுகிறது. அவள் எப்படிப்பட்டவள், என்ன செய்தாள் என்பதைக் கைவிட்டுவிடுகிறது. தாயை நினைப்பதிலேயே இந்தக் குறை உண்டு. தாயைப் போலவே வளர்த்த சித்தி, பெரியம்மா, அத்தை விஷயத்தில் அது முழு மறதியாகவே ஆகிவிடுகிறது.

முதலில் இந்த முறையின் நிறையைச் சொல்லியாக வேண்டும். தமிழகத்தில் ஒரு பெண்ணின் நினைவு நிலைத்து நிற்பது நெடுங்காலம் பெரும்பாலும் அரச குடும்பத்துக்கே உரிய பேறாக இருந்தது. முதலாம் இராசேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்குப் பழையாறைப் பகுதியில் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினான். கண்டராதித்தரின் தேவியான செம்பியன் மாதேவி பிறந்த சித்திரைக் கேட்டை நாளில் சிறப்பு வழிபாடு நடத்தக் கல்வெட்டில் ஏற்பாடு இருக்கிறது. உப்பளத்திலும் பனங்காட்டிலும் உழைத்த பெண்ணுக்கு அப்படி எதுவும் வாய்த்ததில்லை. அச்சும் நாளிதழும் வந்த பிறகுதான் அந்த நிலை மாறியது. குலசைக்கு அருகே காயாமொழியில் பிறந்த சி.பா. ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி போன்ற இதழ்கள் எளிய குடும்பங்களின் கையிலும் செய்தித்தாளைக் கொண்டு சேர்த்தன. கருப்பட்டி காய்ச்சியவளின் முகமும் இன்று அச்சில் வரமுடிகிறது. பிழைப்புக்காக மும்பைக்கும் வளைகுடாவுக்கும் போனவர்களுக்குச் செய்தி எட்டுகிறது. ஆண்டுக்கு ஒரு நாளாவது பிள்ளைகள் ஒன்றுகூட ஒரு காரணம் கிடைக்கிறது. இதைச் சிறுமைப்படுத்துவது நியாயமாகாது.

குறை, அந்த அச்சில் என்ன இடம்பெறுகிறது என்பதில் தொடங்குகிறது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகள். இன்னாருடைய மனைவி என்ற அறிமுகம். இறைவனடி சேர்ந்தார் என்றோ கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்றோ ஒரு தொடர். கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்மார் பெயர்கள், சில வேளை அவர்களுடைய கடைப் பெயர்கள். படத்தையும் பெயரையும் மாற்றிவிட்டால் அடுத்த தெருவில் இறந்தவளுக்கும் அதே வாசகம் பொருந்திவிடும். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்கள் பனையேறிப் பதநீர் இறக்க, விறகடுப்பின் முன் நின்று அதைக் காய்ச்சிப் பதம் பார்த்து, சிரட்டையில் வார்த்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பாகு எந்த நிலையில் இறக்கப்பட வேண்டும் என்ற அறிவு அவர்கள் கண்ணிலும் கையிலும்தான் இருந்தது. மணப்பாட்டுப் பெண்களின் பனையோலைப் பின்னலும் அத்தகையதே. பொருளுக்குப் பெயர் கிடைத்த இந்த மண்ணில், அதைச் செய்தவளின் நினைவஞ்சலியில் அந்தத் திறமை பற்றி ஒரு சொல் இருப்பதில்லை. அவள் பிறந்த ஊர்கூடப் பெரும்பாலும் இருப்பதில்லை. பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வந்து அவள் உடலைப் போர்த்துகிறது. சடங்கு மதிக்கும் அந்த வீட்டை அச்சு விட்டுவிடுகிறது.

சித்தியின் நிலை இதைவிடக் கடினம். அறிவிப்பு கொடுப்பதும் காரியம் செய்வதும் மகன்களின் பொறுப்பு என்பதால், பிள்ளையில்லாதவள், மணமாகாதவள், இளம் வயதில் கணவனை இழந்து அக்காள் வீட்டிலேயே தங்கிவிட்டவள் ஆகியோருக்கு நினைவஞ்சலி கொடுக்க உரிமையோடு முன்வருபவர் அரிது. அக்காள் பிள்ளைகளை எடுத்து வளர்த்தவளாக இருந்தாலும் பிறர் நினைவஞ்சலியின் பெயர்ப் பட்டியலில் ‘உற்றார் உறவினர்’ என்ற சொல்லுக்குள் அவள் கரைந்துபோகிறாள். திதி கொடுக்கும் மரபும் முதன்மையாகத் தந்தைவழி, தாய்வழி முன்னோர் வரிசையைப் பின்பற்றுகிறது. அத்தையும் சித்தியும் காருண்ய பித்ருக்கள் என்ற பொதுப் பிரிவில், மகாளய பட்சத்தில் நினைக்கப்படுகிறார்கள். மகாளய அமாவாசை முடிந்ததும் குலசை முத்தாரம்மன் கோயிலில் தசராக் கொடி ஏறுகிறது. மாலையணிந்து வேடமிட்டவர்கள் ஊர் ஊராகக் காணிக்கை எடுத்து, அம்மையின் முன் வந்து நிற்கிறார்கள். தெய்வத்தை அம்மை என்று அழைக்க இத்தனை விரிவான ஏற்பாடு செய்யத் தெரிந்த சமூகம், தன்னை வளர்த்த பெண்களுக்கு ஒரு பத்தி எழுதத் தயங்குவது வருந்தத்தக்கது. சிற்றன்னைக்கு ஒரு கோயிலே எழுந்த நாடு இது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தக் குறை நம் மரபிலேயே ஊறியது என்று சொல்லிவிட முடியாது. நா. வானமாமலை முதலியோர் தொகுத்த நாட்டார் பாடல்களில் உள்ள ஒப்பாரிகள் வேறு வழியைக் காட்டுகின்றன. ஒப்பாரிக்கும் வாய்பாடு உண்டு. தங்கம், வெள்ளி, மாளிகை என்ற மிகைப்புகழ் உண்டு. ஆனால் பழகிய அடிகளுக்கு நடுவே, இறந்தவள் பட்ட பாடு, அவள் கைப்பக்குவம், தாயில்லாத வீட்டுக்கு இனி மகள் எப்படி வருவாள் என்ற கேள்வி எல்லாம் அந்தந்த வீட்டுக்குரிய விவரங்களாக நுழைந்தன. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் அதை அப்போதே கட்டிப் பாடினார்கள். ஒப்பாரியை அப்படியே மீட்க வேண்டும் என்பது இங்கே வாதமல்ல. துக்கத்தைப் பெண்களின் தலையில் மட்டும் ஏற்றியதும், சாவு வீட்டுப் பறையடிப்பை ஒடுக்கப்பட்ட சாதியினர்மேல் கட்டாயமாகச் சுமத்தியதும் அந்தப் பழைய ஏற்பாட்டின் பகுதிகளே. அவை போக வேண்டியவை. தென்மாவட்ட வில்லுப்பாட்டிலும் ஒரு வரம்பு உண்டு. பொன்னிறத்தாளைப் போலக் கொடுஞ்சாவு கண்ட பெண்ணின் கதை கோயில் கொடைதோறும் பாடப்படுகிறது. நிறைவயதில் வீட்டில் கண்மூடிய பெண்ணுக்கு அதில் இடமில்லை. ஒப்பாரி நின்று, அந்த இடத்தைச் சுவரொட்டி பிடித்தபோது, சாதாரணப் பெண்ணின் வாழ்க்கை பேசப்பட்ட ஒரே மேடையும் போய்விட்டது.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். துக்கத்தில் இருப்பவருக்கு எழுத ஓடாது, ஆயத்தமான வாசகம்தான் கைகொடுக்கும் என்பது முதலாவது. முதல் நாள் சுவரொட்டிக்கு இது முற்றிலும் சரி. ஆனால் ஓராண்டு கழித்து வரும் நினைவஞ்சலிக்கும் அதே வாசகம் ஏன் என்பதற்கு இதில் விடை இல்லை. அம்மாவின் வாழ்க்கை குடும்பத்துக்குள் இருக்க வேண்டியது, ஊருக்கு எதற்கு என்பது இரண்டாவது. இது மதிக்கத்தக்க தயக்கம். அவள் பட்ட அவமானங்களையோ குடும்பச் சண்டைகளையோ அச்சிட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. எங்கே பிறந்தாள், என்ன தொழில் செய்தாள், யாரை வளர்த்தாள் என்பவை மறைக்கத்தக்கவை அல்ல. மேலும், குடும்பத்துக்குள் இருப்பதாகச் சொல்லப்படும் நினைவு அங்கேயும் தங்குவதில்லை. பேத்திகளிடம் பாட்டியின் பிறந்த ஊரைக் கேட்டாலே அது விளங்கிவிடும். மூன்றாவது மறுப்பு வலுவானது: பெயர்ப் பட்டியல்தான் உறவுகளைக் கூட்டி வைக்கிறது, ஒரு பெயர் விட்டுப்போனாலும் மனத்தாங்கல் வரும். பட்டியல் இருக்கட்டும். செம்பியன் மாதேவியின் கல்வெட்டுகளும் அவரைக் கண்டராதித்தரின் தேவியாக, உத்தம சோழரின் தாயாகச் சொல்கின்றன. ஆனால் அதோடு நிற்காமல் அவர் எழுப்பிய கற்றளிகளையும் கொடுத்த கொடைகளையும் பதிவு செய்தன. ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் அவர் நம்மிடம் வந்து சேர்ந்திருப்பது அந்தச் செயல்களின் பதிவால்தான்.

ஆகவே வேண்டியது, இருக்கும் வழக்கத்தில் சில திருத்தங்கள். ஆண்டு நினைவஞ்சலியில் பிள்ளைகளின் பெயர்களுக்கு முன்னால், இறந்தவளின் பிறந்த ஊரும் பெற்றோர் பெயரும் அவள் செய்த வேலையும் நான்கு வரியில் வரலாம். பதினாறாம் நாளோ முப்பதாம் நாளோ நாற்பதாம் நாளோ, சாப்பாட்டுக்கு முன் அவளோடு வேலை செய்த ஒருவர், உடன்பிறந்த ஒருவர், மகள் ஒருத்தி என மூவர் பேசலாம். அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளலாம். கடற்காற்றில் சில மாதங்களில் கிழிந்துவிடும் பிளெக்ஸ் பதாகைக்கு ஆகும் செலவில் இதற்குத் தேவைப்படுவது மிகச் சிறு பங்குதான். சித்தியோ அத்தையோ வளர்த்த பிள்ளைகள், மகன் என்ற உரிமைக்குக் காத்திராமல் தாங்களே அவளுக்கு நினைவஞ்சலி கொடுக்கலாம். எந்தச் சமயமும் இதைத் தடுக்கவில்லை. விடுதலைப் போராட்டக் காலத்து 1942 உப்பள வழக்கையும் 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்தையும் குலசையின் வரலாறாக எழுத அரசும் இதழ்களும் இருக்கின்றன. கருப்பட்டி காய்ச்சி, ஓலை முடைந்து, அக்காள் பிள்ளையையும் தன் பிள்ளையாக வளர்த்தவளைப் பற்றி எழுத அவள் வளர்த்தவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. அவர்கள் எழுதாவிட்டால், அவளைப் பற்றிய கடைசிச் செய்தியாக அவள் இறந்த தேதி மட்டுமே மிஞ்சும்.