அரைப் பங்கு ஒன்றே சான்றாகுமா?

மின்சாரம் கடத்தாத பொருள் வெப்பத்தையும் கடத்தாது என்று நீங்கள் எண்ணக்கூடும். வைரம் மின்சாரத்தைக் கடத்தாது. வெப்பத்தையோ செம்பைவிட நன்றாகக் கடத்தும். அங்கே வெப்பத்தைச் சுமப்பவை எலெக்ட்ரான்கள் அல்ல, படிக அணுக்களின் அதிர்வுகள். இவற்றை ஃபோனான்கள் என்பர். காந்தத் தன்மையுள்ள படிகமாயின், அணுக்காந்தங்களின் அசைவும் ஓரளவு வெப்பத்தைச் சுமக்கும்.

அத்தகைய படிகங்களுள் ஒன்று ஆல்ஃபா ருதீனியம் குளோரைடு. சுமார் 7 கெல்வினுக்குக் கீழே இதன் அணுக்காந்தங்கள் ஒழுங்காக அணிவகுக்கின்றன. அடுக்குகளின் தளத்திலே 7, 8 டெஸ்லா புலம் செலுத்தினால் அவ்வொழுங்கு குலைகிறது. பூமியின் காந்தப் புலத்தைப்போல் லட்சம் மடங்குக்கும் மேற்பட்ட புலம் இது!

குலைந்த பிறகு என்ன நிலை? 2018-ல் கியோட்டோவின் கசஹாரா, மட்சுதா குழுவினர் 'நேச்சர்' இதழில் ஒரு விடை தந்தனர். படிகத்தில் நேரே செல்லும் வெப்பத்தில் ஒரு சிறு பகுதி காந்தப் புலத்தால் பக்கவாட்டில் திரும்புகிறது. இது வெப்ப ஹால் விளைவு. விளிம்பில் ஓர் எலெக்ட்ரான் பாதை கடத்தும் வெப்பத்துக்கு இயற்கையே வகுத்த அலகு ஒன்று உண்டு. கியோட்டோவில் அளந்த மதிப்பு, அடுக்கு ஒன்றுக்கு அந்த அலகில் சரிபாதி. புலத்தைச் சற்று மாற்றியும் அது அசையவில்லை. எலெக்ட்ரானில் பாதி எனத்தக்க மயோரானாத் துகள்கள் விளிம்பில் ஓடினால் இப்படித்தான் இருக்கும் என்பது கிட்டாயெவ் 2006-ல் வகுத்த மாதிரியின் முடிவு. கட்டுரையின் தலைப்பிலேயே 'மயோரானா' ஏறிவிட்டது.

அங்கேதான் அவசரம் தெரிகிறது. பக்கவாட்டில் செல்லும் வெப்பம், நேரே செல்வதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கே. நேரே செல்வதில் பெரும்பகுதியை ஃபோனான்களே சுமக்கின்றன. அவற்றில் துளி விலகினாலும் போதுமே! விலகுமா என்று கேட்கிறீர்களா? காந்தமே அல்லாத ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட்டில் ஃபோனான்கள் அவ்வாறு விலகுவதை 2020-ல் கண்டார்கள். ருதீனியம் குளோரைடிலும் பக்கவாட்டு வெப்பம் நேர் வெப்பத்தை ஒட்டியே ஏறி இறங்குகிறது, ஆகவே அது ஃபோனான்களின் வேலை என்று கனடாவின் ஷெர்புரூக் குழு 2022-ல் வாதிட்டது. அதே ஆண்டில் பிரின்ஸ்டன் குழுவோ வெப்பநிலையோடு மதிப்பு தொடர்ந்து மாறுவதைக் கண்டு, வேறு வகைக் காந்தக் கிளர்ச்சிகளே காரணம் என்றது.

கியோட்டோவின் அளவீடு பொய் என்பதல்ல என் கருத்து. பாதிக்கு அருகான மதிப்பு ஸ்டுட்கார்ட்டிலும் 2022-ல் கிடைத்தது. ஆனால் இப்படிகத்தின் அடுக்குகள் எளிதில் நழுவிப் பிசகக்கூடியவை. படிகத்துக்குப் படிகம் மதிப்பு மாறுகிறது. எனவே அடுத்த முறை இச்செய்தியைப் படிக்கையில், எத்தனை படிகங்களில் பாதி வந்தது, வெப்பநிலையை மாற்றியபோதும் அது நிலைத்ததா, ஃபோனான்களின் பங்கை எவ்வாறு பிரித்தார்கள் என்று தேடிப் பாருங்கள். மூன்றாவது கேள்விக்கு ஐயமற்ற விடையை நான் படித்த கட்டுரை எதிலும் காணவில்லை.